மூடிய ஏட்டை மீண்டும் திறப்போம்

சென்ற கோடை விடுமுறையில் நம் தமிழ்த்துறையின் நூல் அலமாரியை ஒழுங்குபடுத்தும் பணி எனக்கு வாய்த்தது. கரையானுக்குத் தப்பிய பழைய துறை மலர்கள் கீழ்த்தட்டில் கட்டாகக் கிடந்தன. தூசி தட்டி ஆண்டுவாரியாக அடுக்கத் தொடங்கிய நான், சற்று நேரத்தில் அடுக்குவதை விட்டுவிட்டுப் படிக்கத் தொடங்கிவிட்டேன். வாழ்த்துரைகள், முதல்வர் உரை, துறைத்தலைவர் உரை, ஆய்வுக் கட்டுரைகள் ஆகியவற்றைக் கடந்து 'மாணவர் பூங்கா' என்னும் பகுதிக்கு வந்ததும் விரல்கள் நின்றன. மழையைப் பற்றி ஒரு கவிதை. தந்தையின் மிதிவண்டியைப் பற்றி ஒரு கவிதை. கடலுக்குச் சென்று திரும்பாத அண்ணனைப் பற்றி ஒரு சிறுகதை. எழுத்துப் பிழைகளுக்கும் அச்சுப் பிழைகளுக்கும் நடுவே உண்மையான கவித்துவம் ஆங்காங்கே பளிச்சிட்டது.

அப்பெயர்களையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். இன்றும் எழுதிக் கொண்டிருப்பவர் என்று நான் அறிந்தவர்களின் பெயர்களுக்கு எதிரே ஒரு குறியிட்டேன். தாள் நிறையப் பெயர்கள். குறிகளோ இரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. மற்றவர் எங்கே? அவர்கள் வாழ்வில் தோற்றவர்கள் அல்லர். வங்கியில், பள்ளியில், நீதிமன்றத்தில், வளைகுடா நாடுகளில், சொந்தக் கடைகளில் நன்றாகவே இருக்கிறார்கள். எழுதுவதை மட்டும் விட்டுவிட்டார்கள். குறியிடப்படாத அப்பெயர்களுள் என் பெயரும் ஒன்று என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

மாணவனாக இருந்தபோது மூன்று மலர்களில் எழுதியவன் நான். பேராசிரியனான பின் கவிதையைப் பற்றி எழுதினேனே தவிரக் கவிதை எழுதவில்லை. பிறர் பாட்டுக்கு அணி இலக்கணம் சொல்லியே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

அதே வாரத்தில் ஒரு முன்னாள் மாணவியார் தம் மகளை இளங்கலை வகுப்பில் சேர்க்க வந்தார். அவருடைய பெயரும் என் தாளில் இருந்தது. அந்த மலரை எடுத்து மகளிடம் கொடுத்தேன். "உம்மா, இது நீங்களா எழுதினது?" என்று அப்பெண் வியந்து கேட்டாள். "அதெல்லாம் படிக்கிற காலத்துல, ஐயா. கல்யாணத்துக்கு அப்புறம் எங்கே?" என்றார் தாயார், என்னை நோக்கி. மகள் தொடர்ந்து படித்துக் கொண்டிருந்தாள். தாயார் சாளரத்துக்கு வெளியே பார்த்துக் கொண்டிருந்தார். இக்கட்டுரை அந்த நேரத்தில்தான் என்னுள் பிறந்தது.

ஏன் நின்றது?

எழுதும் பழக்கம் நின்றுபோனதற்கு நாம் சொல்லும் காரணங்கள் பல. நேரமில்லை, குடும்பப் பொறுப்பு, ஊக்குவிப்பார் இல்லை, இதழ்கள் ஏற்கவில்லை. இவை பொய்யல்ல. சிறப்பாகப் பெண்டிர்க்கு இவற்றின் சுமை இருமடங்கு என்பதை ஆடவராகிய நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் என்னளவில் எண்ணிப் பார்த்தால், என்னை எவரும் தடுக்கவில்லை. எந்த நாளில் எழுதுவதை விட்டேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. விட்டுவிடுவது என்று நான் ஒருபோதும் முடிவு செய்யவில்லை. தேர்வு முடியட்டும், திருமணம் முடியட்டும், வீட்டுக்கடன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டவை சேர்ந்து இருபது ஆண்டுகளாயின.

விட்டது இவ்வாறு. ஆனால் திரும்பாமல் இருப்பதற்குக் காரணம் வேறு, அது நாணம். நெடுநாள் கழித்துப் பேனாவை எடுப்பவனுக்கு முதலில் வருவது கவிதை அன்று. 'முன்பு இதைவிட நன்றாக எழுதினோமே' என்னும் கூச்சமே. பழைய உயரத்தை அளவுகோலாக்கிக் கொண்டு முதல் நாளின் வரிகளை அளக்கிறோம். அவை குட்டையாகத் தெரிகின்றன. ஏட்டை மூடிவிடுகிறோம். பிறகு, 'நமக்கு இருந்த திறமை போய்விட்டது' என்று சொல்லிக் கொள்கிறோம். திறமை போய்விட்டது என்பது நமக்கு ஒருவகையில் வசதியான முடிவுரை. அதன்பின் முயல வேண்டிய கடமை இல்லையல்லவா?

வயலைச் சில ஆண்டுகள் உழாமல் விட்டால் களை மண்டும், மண் இறுகும். முதல் உழவு கடினமாகத்தான் இருக்கும். அதற்காக நிலம் செத்துவிட்டது என்று எந்த உழவரும் சொல்வதில்லை.

திரும்பி வந்தோர்

நம் இலக்கிய வரலாற்றிலேயே இதற்குச் சான்றுகள் உள்ளன. தமிழ்ப் புதுக்கவிதையின் முன்னோடியான ந. பிச்சமூர்த்தி 1934-ஆம் ஆண்டில் 'மணிக்கொடி'யில் எழுதத் தொடங்கினார். சில ஆண்டுகள் எழுதிய பின் கவிதையை விட்டு நெடுநாள் விலகியிருந்தார். கோயில்களின் நிருவாக அலுவலராகப் பணியாற்றியவர் அவர். 1959-இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது பிச்சமூர்த்தி அறுபதை நெருங்கிக் கொண்டிருந்தார். அந்த அகவையில் மீண்டும் கவிதைக்கு வந்தார். 'காட்டு வாத்து' தொகுப்பு 1962-இல் வெளிவந்தது. இன்று பாடத்திட்டத்தில் புதுக்கவிதை வரலாறு பயிலும் மாணவர், அவ்வரலாற்றின் ஒரு பெரும்பகுதி ஒருவர் திரும்பி வந்ததனால் நிகழ்ந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

நாகர்கோவிலில் துணிக்கடை நடத்தி வந்த சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-இல் நூலாக வெளிவந்தது. அதன்பின் சில ஆண்டுகள் அவர் எழுதாமல் இருந்தார். எழுபதுகளில் மீண்டும் எழுத வந்தவர், 1981-இல் 'ஜே. ஜே: சில குறிப்புகள்' என்னும் புதினத்தைத் தந்தார். முந்தைய நூலின் நடை வேறு. இதன் நடை வேறு. திரும்பி வந்தவர் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்பதே இங்கு நாம் கற்க வேண்டிய பாடம்.

தேங்காப்பட்டணத்துத் தோப்பில் முகம்மது மீரான் வேறொரு வகையில் நமக்கு வழிகாட்டுகிறார். மலையாள வழியில் கல்வி பெற்றவர், வணிகத்தால் வாழ்ந்தவர். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது. 1988-இல்தான் நூல்வடிவம் பெற்றது. அப்போது அவருக்கு வயது நாற்பதுக்கு மேல். 1997-இல் 'சாய்வு நாற்காலி'க்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கடைக் கணக்கும் கதையும் ஒரே மனிதரிடம் அடுத்தடுத்து வாழ்ந்திருக்கின்றன. 'நேரமில்லை' என்று சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் 2019-இல் மறைந்த அப்பெருமகனாரை எண்ணி நான் வாயை மூடிக்கொள்வதுண்டு.

இன்னும் பழைய சான்று ஒன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5027 விருத்தங்கள் கொண்ட பெருங்காப்பியம். அதனைப் பாடத் தூண்டிய வள்ளல் சீதக்காதி அது நிறைவுறுமுன் மறைந்தார். பின்னர் அபுல் காசிம் மரைக்காயர் ஆதரிக்கப் பாடல் தொடர்ந்தது. காப்பியத்தின் உள்ளே பல இடங்களில் அவ்வள்ளலின் பெயர் நன்றியோடு பதிந்திருக்கிறது. தடைப்பட்ட செயல் தொடர வேண்டுமாயின் புலவனின் உறுதி மட்டும் போதாது. 'பாடுங்கள், நான் இருக்கிறேன்' என்று சொல்ல ஒருவர் வேண்டும். சமுதாயப் பெரியோர்கள் இதனை ஊன்றிக் கருத வேண்டுகிறேன். இன்று ஓர் இளைஞனைக் கண்டால் நாம் கேட்பவை இரண்டே: 'மதிப்பெண் எவ்வளவு?', 'வேலை கிடைத்ததா?' அவற்றோடு மூன்றாவதாக, 'இப்போது என்ன எழுதுகிறாய்?' என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்?

குறிக்கோள் என்பது யாது?

திரும்ப வேண்டும் என்ற ஆவல் பலரிடம் உண்டு. புத்தாண்டின் முதல் நாளில் அது பொங்கி, பொங்கல் விடுமுறைக்குள் அடங்கிவிடுகிறது. காரணம், நாம் வகுத்துக் கொள்ளும் குறிக்கோளில் இருக்கும் கோளாறே. 'இவ்வாண்டு ஒரு கவிதை நூல் வெளியிடுவேன்' என்கிறோம். இது குறிக்கோள் அன்று, கனவு. நூல் வெளிவருவது பதிப்பாளரையும் பணத்தையும் பொறுத்தது. பரிசு பெறுவது நடுவரைப் பொறுத்தது. பாராட்டு பிறர் மனத்தைப் பொறுத்தது. என் கையில் இருப்பது ஒன்றுதான்: இன்று மாலை நான் அமர்கிறேனா, இல்லையா என்பது. என் ஆளுகைக்கு உட்பட்டதையே குறிக்கோளாகக் கொள்ள வேண்டும்.

திருவள்ளுவப் பெருந்தகை ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஆனால் அதோடு நின்றுவிடவில்லை. பின்னர் வினைத்திட்பத்தையும் அதற்கடுத்து வினைசெயல்வகையையும் வைத்தார். ஊக்கம் இருந்தால் மட்டும் போதாது. செய்யும் வகையும் தெரிய வேண்டும் என்பது அவ்வைப்புமுறையால் நாம் உணரத்தக்கது. நாமோ ஊக்கவுரைகளைக் கேட்டுக் கைதட்டுவதோடு நின்றுவிடுகிறோம்.

இக்கால உளவியலும் செய்யும் வகையையே வற்புறுத்துகிறது. செருமானிய உளவியலறிஞர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் வெளியிட்ட கட்டுரையில், 'இதைச் செய்வேன்' என்று பொதுவாக எண்ணுவோரைவிட, 'இந்த நேரத்தில், இந்த இடத்தில், இவ்வாறு செய்வேன்' என்று முன்னரே முடிவு செய்வோர் குறிக்கோளை எய்தும் வாய்ப்பு மிகுதி என்று விளக்கினார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடனாய்வாளரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நீர் அருந்துதல், பழம் உண்ணல், ஓடுதல் போன்ற ஒரு செயலை நாள்தோறும் செய்ய அவர்கள் முயன்றனர். அது தன்னியல்பாக மாறுவதற்கு இடைநிலை அளவாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதுமாயிருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணிக்கப்பட்டது. என்னைக் கவர்ந்தது இன்னொரு முடிவு: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் வேரூன்றுவதைப் பெரிதும் பாதிக்கவில்லை.

கவிதை எழுதுவது நீர் அருந்துவது போன்றதன்று என்று மாணவர் சிலர் நகைக்கலாம். மெய்தான். ஆனால் எழுத அமர்வது நீர் அருந்துவது போன்றதாக ஆகலாம். அமர்வது நம் பழக்கம். கவிதை வருவது அதன் விருப்பம். வீட்டு வாயிலைத் திறந்து வைக்காதவன் விருந்து வரவில்லை என்று குறைபடலாமா?

என் கணக்கு

பிறர்க்கு அறிவுரை கூறுமுன் என் கணக்கைக் காட்டுவது முறை. சென்ற சூன் மாதம் நான் எழுதத் தொடங்கினேன். எனக்கு நான் வகுத்துக்கொண்டவை மூன்று. முதலாவது, இடமும் நேரமும்: இரவு உணவுக்குப் பின் மாடியறை மேசையில் அரைமணி நேரம். இரண்டாவது, அளவு: நான்கு வரிகள், நன்றாயினும் தீதாயினும் நான்கே. மூன்றாவது, ஒரு தடை: எழுதிய நாளிலேயே அதை மீண்டும் படிப்பதில்லை, ஒரு திங்கள் கழித்தே படிப்பது. இந்த மூன்றாவதே என்னைக் காத்தது. நாணம் என்னும் நடுவரை ஒரு திங்கள் வாயிலுக்கு வெளியே நிறுத்திவைக்க முடிந்தது.

செல்பேசியைக் கீழ்த்தளத்தில் வைத்துவிட்டு மேலே செல்வதும் வழக்கமாயிற்று. எழுதாததற்கு இன்றைய கருவிகளைக் குற்றம் சாட்டுவோர் உளர். நான் எழுதாதிருந்த முதற் பத்தாண்டுகளில் என் கையில் செல்பேசியே இல்லை. ஆகவே முழுப்பழியையும் அதன்மேல் போட என் மனம் ஒப்பவில்லை.

முதல் மாதத்து வரிகள் சொல்லத் தரமற்றவை. பாடக் குறிப்புகளின் நடையில் கவிதை எழுதியிருந்தேன். இரண்டாம் மாதம் காய்ச்சலில் ஒரு வாரம் விடுபட்டது. முன்னைய நானாக இருந்தால் அத்துடன் விட்டிருப்பேன். 'விட்டுப்போனதை ஈடுசெய்ய வேண்டாம். இன்றைய நான்கு வரிகளை மட்டும் எழுது' என்று எனக்கே சொல்லிக்கொண்டு மீண்டும் அமர்ந்தேன். நான்காம் மாதத்தில், என் தாயார் முறத்தில் அரிசி புடைக்கும் ஓசையைப் பற்றி எழுதிய சில வரிகளைப் படித்தபோது, இவை என்னுடையவைதாம் என்று தோன்றியது. மாணவனாக இருந்தபோது அதை என்னால் எழுதியிருக்க முடியாது. அப்போது தாயார் இருந்தார். அந்த ஓசை நாள்தோறும் கேட்டது. கேட்டதாக நான் உணரவில்லை. எழுதாமல் கழிந்த ஆண்டுகள் முற்றிலும் வீணல்ல என்பதையும் அந்த இரவில் அறிந்தேன்.

இதுவரை நிறைவாக முடிந்த கவிதைகள் ஐந்து. அவற்றுள் பிறருக்குக் காட்டத் தக்கவை இரண்டு. இதுவே என் முழு வரவு. பெரிதன்று, ஆயினும் இருபது ஆண்டுகளின் வரவு சுழியம் என்பதை எண்ணும்போது சிறிதுமன்று.

ஒரு மறுப்பும் விடையும்

'ஏற்கெனவே கவிஞர் பெருகிவிட்ட நாட்டில் விட்டவர்களையும் திரும்ப அழைக்க வேண்டுமா?' என்று ஒரு நண்பர் கேட்டார். 'எழுதாமல் இருப்பதும் இலக்கியத்துக்குச் செய்யும் தொண்டுதான்' என்று நகைச்சுவையாகவும் சொன்னார். அச்சிடுவதைப் பற்றியாயின் அவர் சொல்வதில் உண்மை உண்டு. நான் அச்சிடுவதைப் பற்றிப் பேசவில்லை. தானே நான்கு வரி எழுதிப் பார்த்துத் தோற்றவன்தான் கம்பனின் ஒரு சொல்லின் முன் உண்மையாக வியந்து நிற்பான். தானே ஒரு கோடு இழுத்துப் பார்த்தவன்தான் ஓவியனின் கையை மதிப்பான். இது எழுத்துக்கு மட்டும் உரியதன்று. ஓவியத்தை விட்டவர், அரபு வனப்பெழுத்தை விட்டவர், பூத்தையலை விட்டவர், பாடுவதை விட்டவர் அனைவருக்கும் பொருந்தும். விட்ட கலை ஒன்று நமக்குள் ஓர் அறையைப் பூட்டி வைத்திருக்கிறது. அது திறந்தால் உலகுக்குப் பயன் உண்டோ இல்லையோ, அந்த வீட்டில் குடியிருப்பவருக்குக் காற்று வரும்.

நம் துறைக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியப் பெருமக்களே, ஆண்டுக்கொருமுறை மலர் வெளியிட்டு, மாணவரிடம் ஒரு கவிதை வாங்கி அச்சிட்டு அனுப்பிவிடுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதாகக் கருதுகிறோம். ஒரு கவிதை எழுதக் கற்பித்த நாம், இரண்டாவதை எழுதக் கற்பித்தோமா? வாரம் ஒருநாள் கடைசிப் பாடவேளைக்குப் பின் துறை நூலகத்தை அரைமணி நேரம் திறந்து வைப்போம். சொற்பொழிவு வேண்டா, தலைமை வேண்டா, திறனாய்வும் வேண்டா. வருவோர் அமர்ந்து எழுதிவிட்டுச் செல்லட்டும். முன்னாள் மாணவர்க்கும் அங்கே நாற்காலி இருக்கட்டும். அடுத்த மலரில் 'மாணவர் பூங்கா'வுக்கு அடுத்து, 'மீண்டும் எழுதுவோர்' என்று நான்கு பக்கங்கள் ஒதுக்குவோம். பட்டம் பெற்றுப் பத்தாண்டு கடந்தோரின் படைப்புக்கு மட்டுமே அப்பக்கங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்குச் சொல்வது ஒன்றே. இம்மலரில் உங்கள் பெயர் அச்சாகியிருக்கிறது. மகிழுங்கள். ஆனால் இதே வாரத்தில் அடுத்ததைத் தொடங்கிவிடுங்கள். ஒருவேளை வாழ்க்கை உங்களை நிறுத்திவிட்டால், எத்தனை ஆண்டு கழித்தேனும் நாணமின்றித் திரும்புங்கள். பழைய உயரத்தைத் தேடாதீர்கள். அன்றைக்குரிய நான்கு வரிகளைத் தேடுங்கள்.

என் அடுத்த குறிக்கோளையும் இங்கேயே பதிவு செய்கிறேன், பெரியோர் கேட்பதற்கு வசதியாக. அடுத்த மலர் வெளிவருவதற்குள் காட்டத்தக்க கவிதை பத்தாக வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. அது என் கையில் இல்லை. வாரத்தில் ஐந்து நாளாவது அந்த மேசையில் அமர்ந்திருப்பேன் என்று மட்டும் சொல்கிறேன். துறையின் வாயிலில் என்னைக் காணும் எவரும் 'அமர்ந்தீர்களா?' என்று கேட்கலாம்.

மகளைச் சேர்க்க வந்த அந்த முன்னாள் மாணவியாரிடம் இம்மலருக்கு ஒரு கவிதை கேட்டிருந்தேன். பார்க்கிறேன் என்றார். மலர் அச்சுக்குச் செல்லும் நாள் வரை வரவில்லை. அவர் மகளின் கவிதை வந்திருக்கிறது. மாணவர் பூங்காவில் காணலாம். அடுத்த ஆண்டும் அந்தத் தாயாரிடம் கேட்பேன். 'மீண்டும் எழுதுவோர்' பகுதியின் முதற்பக்கம் அவருக்காகக் காத்திருக்கும்.